தாவும் வடிவங்கள், ஆடும் நிழல்கள்

உரைநடை உலகம்

நுழையும்முன்

விளையாட்டு மனிதரின் முதல் கல்வி. மண்ணில் கோடு கிழித்து ஆடிய காலம் முதல் ஒளித்திரையில் விரல் வைத்து ஆடும் இக்காலம் வரை விளையாட்டின் களம் மாறியிருக்கிறது; அதன் அடிப்படை மாறவில்லை. சில கணினி விளையாட்டுகள் ஓவியத்தைப் போலக் கண்ணைக் கவர்கின்றன. கதையைப் போல நெஞ்சைத் தொடுகின்றன. அத்தகைய விளையாட்டுகள் எவ்வாறு இயங்குகின்றன? அவற்றை உருவாக்குவோர் யாவர்? மராத்திய மண்ணுக்கும் தமிழ் மண்ணுக்கும் பொதுவான நிழற்கலை ஒன்றை இவ்விளையாட்டுகள் ஏன் நினைவூட்டுகின்றன? இவற்றை இப்பாடத்தின்வழி அறியலாம்.

1. கட்டம் என்னும் உலகம்

புனே நகரையும் லோணாவளாவையும் இணைக்கும் புறநகர் இருப்புப் பாதையில், தாபோடிக்கும் பிம்பிரிக்கும் இடையே அமைந்துள்ளது கசார்வாடி. தொழிற்சாலைகள் நிறைந்த பிம்பிரி-சிஞ்ச்வட் பகுதியைச் சேர்ந்தது இவ்வூர். இங்குள்ள குடியிருப்பின் முற்றத்தில் சுண்ணக்கட்டியால் எட்டுக் கட்டங்கள் வரைந்தால் போதும். சிறுவர்க்கு அதுவே ஓர் உலகம் ஆகிவிடும். தமிழ்நாட்டில் இவ்விளையாட்டைப் பாண்டி என்றும் சில்லு என்றும் அழைப்பர். ஒற்றைக் காலால் தாவ வேண்டும். கோட்டை மிதித்தல் கூடாது. சில்லு கிடக்கும் கட்டத்தைத் தாண்டிச் செல்ல வேண்டும். மராத்தியச் சிறுவர் ஒற்றைக் காலால் தாவித் துரத்தும் ஆட்டத்தை 'லங்கடி' என்பர். தமிழ்ச் சிறுவர் அதனையே 'நொண்டி' என்பர். பெயர் வேறு, ஆட்டத்தின் உயிர் ஒன்று.

பாண்டி ஆட்டத்தில் தரையில் இருப்பவை வெறும் கோடுகள். அக்கோட்டினைத் தொட்டால் தீங்கு ஏதும் நேராது. ஆயினும் ஆடுவோர் அதனை மதில் என்றும் அகழி என்றும் மனத்தில் கொள்கின்றனர். கோடுகளுக்குப் பொருள் கொடுப்பது விதி. விதிக்கு உயிர் கொடுப்பது ஆடுவோரின் கற்பனை. கணினித் திரையில் ஆடப்படும் தளம் தாவும் விளையாட்டும் இவ்வாறே அமைந்தது. திரையில் தளங்கள் அடுக்கப்பட்டிருக்கும். ஓர் உருவம் ஒரு தளத்திலிருந்து மற்றொரு தளத்திற்குத் தாவ வேண்டும். தவறினால் பள்ளத்தில் விழும். மீண்டும் தொடங்க வேண்டும்.

2. தாவல் பிறந்த கதை

1981ஆம் ஆண்டு ஜப்பான் நாட்டின் நின்டெண்டோ நிறுவனம் 'டாங்கி காங்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதனை வடிவமைத்தவர் ஷிகெரு மியாமோட்டோ. இரும்புத் தளங்களும் ஏணிகளும் நிறைந்த கட்டடத்தின் உச்சியிலிருந்து குரங்கு ஒன்று பீப்பாய்களை உருட்டிவிடும். கீழே உள்ள சிறிய மனித உருவம் அவற்றைத் தாண்டித் தாண்டி மேலேற வேண்டும். தாவுதலையே தொழிலாகக் கொண்ட அவ்வுருவம், பின்னர் 'மாரியோ' என்னும் பெயரால் உலகப் புகழ் பெற்றது. 1985இல் வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' இவ்வகை விளையாட்டுக்கு நிலையான வடிவத்தைத் தந்தது.

மாரியோவின் தொப்பியும் மீசையும் அழகுக்காக மட்டும் வரையப்பட்டவை அல்ல. அக்காலக் கணினித் திரையில் ஓர் உருவத்திற்குக் கிடைத்த புள்ளிகள் மிகச் சில. அவற்றைக் கொண்டு தலைமுடியையும் வாயையும் தெளிவாக வரைய இயலவில்லை. எனவே முடி இருக்க வேண்டிய இடத்தில் தொப்பி வந்தது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் மீசை வந்தது. குறையே அங்குக் கலையின் இலக்கணம் ஆயிற்று. குறைந்த கருவிகளைக் கொண்டு நிறைந்த பொருளைக் காட்டுதல் என்னும் இத்திறம், பிற்காலத்தில் தோன்றிய பல அழகிய விளையாட்டுகளுக்கும் அடிப்படையாக அமைந்தது.

3. தாவலின் கணக்கு

திரையில் ஓர் உருவம் தாவும்போது அங்கே நிகழ்வது ஒரு கணக்கு. பல விளையாட்டுகளில் ஒரு நொடிக்கு 60 முறை திரை புதிதாக வரையப்படுகிறது. ஒவ்வொரு முறையும் அவ்வுருவம் எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கணினி கணக்கிடுகிறது.

எளிய எடுத்துக்காட்டு ஒன்றைக் காணலாம். பொத்தானை அழுத்தியவுடன் உருவம் முதற்படியில் 10 அலகு மேலே செல்கிறது என்க. புவியீர்ப்பைக் காட்டும்பொருட்டு, அடுத்தடுத்த ஒவ்வொரு படியிலும் அதன் வேகத்தில் 1 அலகு குறைக்கப்படுகிறது. அவ்வாறாயின் இரண்டாம் படியில் அது 9 அலகு உயரும். மூன்றாம் படியில் 8 அலகு உயரும். உயரம் 10, 19, 27, 34, 40, 45, 49, 52, 54, 55 என வளரும். 55 அலகு உயரத்தில் உருவம் ஒரு கணம் நிற்பது போலத் தோன்றும்; பின்னர் மெல்ல இறங்கத் தொடங்கி விரைந்து விழும். மேலே எறிந்த பந்து செல்லும் வளைவும் இதுவே. கூட்டலும் கழித்தலும் மட்டும் அறிந்த மாணவர் இத்தாவலைத் தாளில் வரைந்துவிட இயலும்.

நல்ல விளையாட்டை உருவாக்குவோர் இக்கணக்கோடு நின்றுவிடுவதில்லை. தளத்தின் விளிம்பைத் தாண்டிய பின்னரே பலர் பொத்தானை அழுத்துவர். கணக்கின்படி அவர்கள் விழ வேண்டும். ஆனால், பல விளையாட்டுகளில் விளிம்பைக் கடந்த பின்னும் நொடியின் மிகச் சிறு பகுதி வரை தாவுவதற்கு இடம் தரப்படுகிறது. ஆடுவோர்க்கு இச்சலுகை தெரிவதில்லை. 'நான் சரியாகத் தாவினேன்' என்ற நிறைவே தோன்றுகிறது. தவறு செய்வோரைத் தண்டிப்பதைவிட, முயல்வோரின் கருத்தை அறிந்து உதவுவதே இங்கு விதியாக அமைந்துள்ளது.

4. செவ்வகங்களின் நட்பு

பொருளின் உருவத்தை உள்ளவாறே வரையாமல், கோடு, வண்ணம், வடிவம் ஆகியவற்றால் மட்டும் கருத்தை உணர்த்தும் கலையை அருவக்கலை என்பர். இது தமிழர்க்குப் புதியது அன்று. வாசலில் இடும் புள்ளிக்கோலம் அருவக்கலையே. புள்ளிகளைச் சுற்றி வளையும் கோடுகளில் பூவும் இல்லை, கொடியும் இல்லை. ஆயினும் காண்போர் மனத்தில் பூவும் கொடியும் விரிகின்றன.

இக்கலையைத் தளம் தாவும் விளையாட்டில் பொருத்திக் காட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த மைக் பித்தெல். அவர் உருவாக்கிய 'தாமஸ் வாஸ் அலோன்' என்னும் விளையாட்டு, 2010இல் சிறிய வடிவிலும் 2012இல் முழு வடிவிலும் வெளிவந்தது. 'தாமஸ் தனித்திருந்தான்' என்பது அத்தலைப்பின் பொருள். அதில் வரும் மாந்தர்க்குக் கண் இல்லை, கை இல்லை, முகமும் இல்லை. தாமஸ் ஒரு சிவப்புச் செவ்வகம். கிறிஸ் ஆரஞ்சு நிறச் சிறு சதுரம். ஜான் உயர்ந்த மஞ்சள் நிறச் செவ்வகம். கிளேர் பெரிய நீலச் சதுரம். லாரா தட்டையான இளஞ்சிவப்புச் செவ்வகம். கரிய தளங்கள், மங்கிய பின்னணி, நீண்டு விழும் நிழல்கள், மெல்லிய இசை ஆகியவற்றுக்கு நடுவே இவ்வண்ணத் துண்டுகள் நகர்கின்றன.

ஒவ்வொருவர்க்கும் ஓர் ஆற்றல் உண்டு; ஒரு குறையும் உண்டு. ஜான் மிக உயரமாகத் தாவுவான். ஆனால் குறுகிய வழிகளில் நுழைய இயலாது. கிறிஸால் உயரத் தாவ இயலாது. ஆனால் பிறர் நுழைய இயலாத இடுக்கில் அவன் நுழைவான். கிளேர் மெதுவாக நகர்வாள். ஆனால் மற்றவர்களை மூழ்கடிக்கும் நீரில் அவள் மிதப்பாள். லாராவின் மீது குதிப்போர் மேலே எழும்பிச் செல்வர். ஜேம்ஸ் என்னும் பச்சைச் செவ்வகத்திற்குப் புவியீர்ப்பே தலைகீழ். அவன் மேல்நோக்கி விழுவான்.

ஒவ்வொரு கட்டத்தின் இறுதியிலும் வெண்கோட்டால் வரைந்த வாயில்கள் இருக்கும். தாமஸின் வாயிலில் தாமஸின் வடிவமே பொருந்தும். கிறிஸின் வாயிலில் கிறிஸே பொருந்துவான். அனைவரும் தத்தம் வாயிலை அடைந்தால்தான் அடுத்த கட்டம் திறக்கும். வல்லவர் ஒருவர் மட்டும் முந்திச் செல்வதால் பயன் இல்லை.

முதன்முறை ஆடுவோர் பெரும்பாலும் ஜானைத் தேர்ந்து முன்னே ஓடுவர். உயர்ந்த மதிலை அவன் எளிதில் தாண்டிவிடுவான். ஆனால், கிறிஸ் மதிலின் அடியிலேயே நின்றுகொண்டிருப்பான். ஆடுவோர் திரும்பி வர வேண்டும். தாமஸை மதிலருகே நிறுத்தி, அவனுக்கு முன்னே தாழ்ந்த வடிவம் ஒன்றை நிறுத்திப் படிக்கட்டு ஒன்றை அமைக்க வேண்டும். அப்படியில் கிறிஸ் ஏறிச் செல்வான். பின்னர்ப் படியாக நின்றோரும் ஏறுவதற்கு வழி காண வேண்டும். யாரை முதலில் அனுப்புவது, யாரைக் கடைசியாக அழைப்பது என்னும் வரிசையே இங்குப் புதிர்.

இதற்கிடையே கதைசொல்லி ஒருவரின் குரல், அச்செவ்வகங்கள் எண்ணுவதை எடுத்துரைக்கும். தாமஸின் தனிமை, கிறிஸின் முணுமுணுப்பு, தன்னைப் பெரும் வீராங்கனையாக எண்ணும் கிளேரின் பெருமிதம் ஆகியவை அக்குரலின்வழி வெளிப்படும். குரல் கொடுத்த டேனி வாலஸ் 2013ஆம் ஆண்டில் பிரித்தானியத் திரைக்கலைக் கழகமாகிய பாஃப்டாவின் விருதைப் பெற்றார். சில நாழிகை ஆடியபின், ஒரு நீலச் சதுரத்திற்காகக் கவலைப்படுவதை ஆடுவோர் உணர்கின்றனர். முகம் இல்லாத வடிவத்திற்கு முகம் கொடுத்தவர் வரைந்தவர் மட்டும் அல்லர், ஆடுபவரும் ஆவார்.

5. பதிவிறக்கம் திறந்த கதவு

முற்காலத்தில் கணினி விளையாட்டுகள் பேழைகளிலும் குறுந்தகடுகளிலும் அடைத்துக் கடைகளில் விற்கப்பட்டன. தகடு அச்சிடவும், பெட்டியில் இடவும், ஊர் ஊராக அனுப்பவும் பெரும் பொருள் தேவைப்பட்டது. எனவே பெரிய நிறுவனங்களே விளையாட்டுகளை வெளியிட்டன. 2003இல் ஸ்டீம் என்னும் இணைய அங்காடியும், 2004இல் எக்ஸ்பாக்ஸ் லைவ் ஆர்கேடும் தொடங்கப்பட்டன. பின்வந்த ஆண்டுகளில் விளையாட்டை இணையத்தின்வழிப் பதிவிறக்கி ஆடும் வழக்கம் பரவியது.

இதனால் விளைந்த பயன் பெரிது. தனியொருவரும், நான்கைந்து பேர் கொண்ட சிறு குழுவும் தாம் உருவாக்கியதை உலகெங்கும் சேர்க்க இயன்றது. ஆயிரம் ஓவியர்களை அமர்த்தும் வசதி அவர்க்கு இல்லை. ஆகவே அவர்கள் எளிய வடிவங்களையும், புதிய வண்ணங்களையும், தம் ஊரின் கதைகளையும் நாடினர். புனேயும் இக்கதவின்வழி உலகை அடைந்தது.

6. புனேயில் பிறந்த ராஜி

கசார்வாடியைத் தன்னருகே கொண்ட புனே நகரில் 'நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ்' என்னும் சிறு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதனை நிறுவியோரில் ஸ்ருதி கோஷ், அவிச்சல் சிங், இயன் மாட் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர். இந்தியக் கதைமரபையும் இந்திய ஓவியத்தையும் கட்டடக்கலையையும் கொண்டு, உலகத்தார் ஆடும் விளையாட்டு ஒன்றைப் படைப்பதே அவர்தம் நோக்கம்.

அதன் பெயர் 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்'. ராஜி என்னும் சிறுமி கூத்தாடிக் குழுவில் வளர்ந்தவள். கயிற்றில் நடக்கவும், கம்பத்தில் ஏறவும், சுவரில் ஓடித் தாவவும் பயின்றவள். அவளுடைய தம்பி கோலுவை அரக்கர்கள் கவர்ந்து செல்கின்றனர். அவனைத் தேடி ராஜி பாழடைந்த கோட்டைகளையும் அரண்மனைகளையும் கடந்து செல்கிறாள். துர்க்கையும் திருமாலும் அவளைப் பற்றி உரையாடிக்கொண்டே வருகின்றனர். மதில்களில் தாவுதலும், தூண்களில் ஏறுதலும், பகைவரோடு பொருதலும் கலந்த விளையாட்டு இது. செவ்வகங்களின் ஆட்டத்தைப் போல முழுவதும் அருவமானது அன்று. எனினும் காண்போர் கண்ணைத் திரையிலேயே நிறுத்தும் அழகுடையது.

அவ்வழகுக்குக் காரணங்கள் பல. இமயமலைச் சாரலில் இருந்த அரசுகளில் வளர்ந்த பகாடி ஓவிய மரபின் வண்ணங்கள் இதில் எடுத்தாளப்பட்டுள்ளன. இராசத்தானத்துக் கோட்டைகளை ஒத்த மாடங்களும் வளைவுகளும் களமாக அமைந்துள்ளன. சுவரோவியங்கள் பழங்கதைகளைக் கூறுகின்றன. கதையின் சில பகுதிகள் பாவைநிழற்கூத்தின் வடிவில் காட்டப்படுகின்றன. கிரேக்க இசைக்கலைஞர் லினோஸ் ட்ஸெலோஸ், இந்திய இசைக்கருவிகளின் ஒலியும் கலந்து இசையமைத்துள்ளார்.

இம்முயற்சி எளிதில் நிறைவேறவில்லை. 2017ஆம் ஆண்டில் அக்குழுவினர் 'கிக்ஸ்டார்ட்டர்' என்னும் இணையத்தளத்தின்வழி மக்களிடம் பொருளுதவி வேண்டினர். அத்தளத்தின் விதி கடுமையானது. குறித்த நாளுக்குள் குறித்த தொகை முழுவதும் சேர வேண்டும். சிறிதளவு குறைந்தாலும் சேர்ந்த தொகையில் ஒரு காசும் கைக்கு வராது. ராஜிக்குக் குறித்த தொகை சேரவில்லை. கையில் இருந்தது பாதி உருவான ஆட்டம். முன்னே இருந்தது பொருளில்லாத எதிர்காலம். அவ்வளவில் பணியைக் கைவிட்டிருந்தால் அவர்களைக் குறை கூறுவார் இல்லை. அவர்கள் கைவிடவில்லை. வேறு வழிகளில் உதவி தேடித் தொடர்ந்து உழைத்தனர். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நின்டெண்டோ சுவிட்ச் கருவியிலும், அக்டோபர் மாதம் பிற கருவிகளிலும் ராஜி வெளிவந்தது. அவ்வாண்டின் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில், சிறந்த முதற்படைப்புக்கான விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஐந்தனுள் ராஜியும் ஒன்றாக இடம்பெற்றது.

தளத்திலிருந்து தவறி விழுந்தால் அவ்விடத்திலிருந்தே மீண்டும் தாவலாம் என்பது விளையாட்டின் விதி. வாழ்க்கையில் அத்தகைய விதி எழுதப்படவில்லை. விழுந்தவர் தாமே அதனை எழுதிக்கொள்ள வேண்டியுள்ளது.

7. இரு மண்ணின் நிழல்

ராஜியில் வரும் பாவைநிழற்கூத்து, தமிழ் மாணவர்க்கு ஓர் அரிய செய்தியை நினைவூட்டுகிறது. தமிழகத்தில் இக்கலைக்குத் தோல்பாவைக் கூத்து என்று பெயர். பதப்படுத்திய ஆட்டுத்தோலில் உருவங்களை வரைந்து, நுண்ணிய துளைகள் இட்டு, வண்ணம் தீட்டுவர். வெண்டிரைக்குப் பின்னே விளக்கேற்றி, திரைக்கும் விளக்குக்கும் இடையே பாவைகளை ஆட்டுவர். ஒருவரே இராமனாகவும் இராவணனாகவும் சீதையாகவும் குரல் மாற்றிப் பேசுவார். முன்னே அமர்ந்தோர் காண்பது ஒளியில் அசையும் வண்ண நிழலை மட்டுமே. ஒளித்திரை, அசையும் உருவம், பின்னின்று இயக்கும் கை, கதைசொல்லும் குரல் என்னும் நான்கும் இன்றைய கணினி விளையாட்டுக்கும் உரியவை.

மராத்திய மாநிலத்தின் சிந்துதுர்க் மாவட்டத்தில் உள்ள பிங்குளி என்னும் ஊரிலும் தாக்கர் இனத்துக் கலைஞர்கள் தோல்பாவைகளை ஆட்டிவருகின்றனர். தமிழகத்தில் இக்கூத்தை வழிவழியாக நடத்திவரும் மண்டிகர் இனத்தாரின் வீட்டுமொழி மராத்தியின் கிளைமொழி ஆகும். தஞ்சையை மராத்திய மன்னர்கள் ஆண்ட காலத்தில் இவர்தம் முன்னோர் தமிழகத்திற்கு வந்தனர் என்பர். வீட்டில் மராத்தி பேசியோர், மேடையில் தமிழில் கதை சொல்லினர். ஊர் ஊராகச் சென்று, தமிழ் மக்களைச் சிரிக்கவும் அழவும் வைத்தனர். புலம்பெயர்ந்து வந்தோர் தம் மொழியையும் விடவில்லை. வந்த மண்ணின் மொழியையும் வேற்றுமொழியாகக் கருதவில்லை.

இன்று அவ்வழி மறுதிசையில் நீள்கிறது. தொழில் தேடித் தமிழ்நாட்டிலிருந்து புனேக்கு வந்தோரின் பிள்ளைகள் தெருவில் மராத்தியும், பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும், வீட்டில் தமிழும் பேசுகின்றனர். இது சுமை என்று சிலர் எண்ணுவர். மண்டிகரின் வரலாறு வேறொன்றை உரைக்கிறது. இரு மொழிகளுக்கு நடுவே வாழ்வோர், இரு மண்ணுக்கும் கதை சொல்ல வல்லவர் ஆகின்றனர்.

8. மங்கிய எழுத்தும் மறையாத சுவையும்

அவ்வாறு கதை சொன்ன விளையாட்டு ஒன்று 2023ஆம் ஆண்டு ஜூலை மாதம் கனடாவின் டொராண்டோ நகரிலிருந்து வெளிவந்தது. அதன் பெயர் 'வெண்பா'. விசை கேம்ஸ் என்னும் சிறு குழு அதனை உருவாக்கியது. இது தளம் தாவும் விளையாட்டு அன்று, சமையல் புதிர். தமிழ்நாட்டிலிருந்து கனடாவில் குடியேறிய வெண்பா, அவர் கணவர் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை இது. தாயின் சமையற்குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் எழுத்து மங்கியும் கிடக்கிறது. விடுபட்ட சொற்களை உய்த்துணர்ந்து, இட்டிலி முதலிய உணவுகளை ஆடுவோர் சமைக்க வேண்டும்.

கவின் வளர வளரத் தமிழிலிருந்து விலகிச் செல்கிறான். பின்னொரு நாள் தாயின் குறிப்பேட்டைத் திறக்கும்போது, அவனால் அதனைச் சரளமாகப் படிக்க இயலவில்லை. அங்கே தடையாக நிற்பது மதிலும் அன்று, பள்ளமும் அன்று. குறிப்பேட்டில் உள்ள தமிழ் எழுத்தே அவனுக்குத் தாண்ட வேண்டிய தடை ஆகிறது. 2024இல் இவ்விளையாட்டு பாஃப்டாவின் சிறந்த முதற்படைப்பு விருதைப் பெற்றது. இட்டிலித் தட்டு எத்தகையது என்று அறியாத நாட்டினரும் இதனை விரும்பி ஆடினர்.

9. அளவோடு ஆடுதல்

எல்லா விளையாட்டும் ஒரே தன்மையன அல்ல. மேலே கூறப்பட்ட விளையாட்டுகளுக்குத் தொடக்கம் உண்டு, முடிவும் உண்டு. சில மணி நேரத்தில் கதை நிறைவுறும். வேறு சில விளையாட்டுகளுக்கு முடிவே இல்லை. நாள்தோறும் வரச் சொல்லும். பரிசு காட்டிப் பணம் கேட்கும். முடிவில்லாத விளையாட்டில் ஆடுபவர் விளையாட்டை ஆளுவதில்லை. விளையாட்டே அவரை ஆளுகிறது.

எனவே பதிவிறக்கும்முன் மூன்று செய்திகளை அறிதல் வேண்டும். அவ்விளையாட்டு எந்த வயதினர்க்கு உரியது என்னும் குறிப்பைப் பார்த்தல் முதலாவது. ராஜியில் போர்க்காட்சிகள் உள்ளமையால் அது சிறு குழந்தைகளுக்கு உரியது அன்று. வாங்கிய பின்னும் பணம் கேட்குமா என அறிதல் இரண்டாவது. பெற்றோரின் இசைவைப் பெறுதல் மூன்றாவது. ஆடி முடித்தபின் கண்ணுக்கும் கைக்கும் ஓய்வு தந்து முற்றத்திற்குச் செல்லுதலும் வேண்டும். அங்கே சுண்ணக்கட்டியால் வரைந்த எட்டுக் கட்டங்களில் தாவும்போது, புவியீர்ப்பைக் கணினி கணக்கிட வேண்டியதில்லை.

தெரிந்து தெளிவோம்

விளையாட்டு இயந்திரம்: தாவல், மோதல், ஒளி, நிழல் முதலியவற்றைக் கணக்கிடும் மென்பொருள் தொகுதியே விளையாட்டு இயந்திரம் எனப்படும். வீடு கட்டுவோர் செங்கல்லைத் தாமே சுடாமல் வாங்கிக் கட்டுவது போல, விளையாட்டை உருவாக்குவோர் இத்தொகுதியைப் பெற்றுத் தம் கதையையும் ஓவியத்தையும் அதன்மேல் அமைக்கின்றனர். ராஜி 'அன்ரியல்' என்னும் இயந்திரத்தைக் கொண்டு உருவாக்கப்பட்டது.

சொல்லும் பொருளும்

அகழி – கோட்டையைச் சுற்றி வெட்டப்பட்ட நீர்நிலை
அருவம் – உருவம் அற்றது
பேழை – பெட்டி
மாடம் – மாளிகையின் மேல்நிலை
பொருதல் – போரிடுதல்
உய்த்துணர்தல் – சிந்தித்து அறிதல்
இசைவு – சம்மதம்

மராத்தியும் தமிழும்

பாஹுலி – பாவை
சாவலி – நிழல்
உடி – தாவல்
பிந்த் – சுவர்

கற்பவை கற்றபின்

1. கட்டத்தாள் ஒன்றில் ஐந்து தளங்களை வரைக. கோலத்தில் உள்ள வடிவங்களை மட்டும் கொண்டு இரண்டு மாந்தரை உருவாக்குக. ஒவ்வொருவர்க்கும் ஓர் ஆற்றலும் ஒரு குறையும் தருக. ஒருவர்க்கொருவர் உதவினால் மட்டுமே இருவரும் முடிவை அடையுமாறு களத்தை அமைக்க.

2. ஓர் உருவம் முதற்படியில் 5 அலகு உயர்கிறது. ஒவ்வொரு படியிலும் வேகம் 1 அலகு குறைகிறது. அது அடையும் மிகுந்த உயரம் எவ்வளவு? முதற்படியில் 10 அலகு உயரும் உருவத்தின் உயரத்தோடு அதனை ஒப்பிடுக. தொடக்க வேகம் இருமடங்கானால் உயரமும் இருமடங்கு மட்டுமே ஆகிறதா?

3. உங்கள் வீட்டில் தாயோ பாட்டியோ தமிழில் எழுதிய குறிப்பு, கடிதம், கணக்கு ஆகியவற்றுள் ஒன்றைக் கேட்டுப் பெற்று வகுப்பில் படித்துக் காட்டுக. படிக்க இயலாத சொற்களை அவர்களிடமே கேட்டு எழுதி வருக.

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. நீரில் மிதக்கும் ஆற்றல் பெற்ற வடிவம் ______.
 அ) தாமஸ் ஆ) கிளேர் இ) ஜான் ஈ) கிறிஸ்

2. பிங்குளி என்னும் ஊர் ______ மாவட்டத்தில் உள்ளது.
 அ) புனே ஆ) நாசிக் இ) சிந்துதுர்க் ஈ) தஞ்சாவூர்

3. 'வெண்டிரை' என்னும் சொல்லைப் பிரித்து எழுதக் கிடைப்பது ______.
 அ) வெண் + டிரை ஆ) வெண்மை + திரை இ) வெள் + இரை ஈ) வேண்டு + திரை

ஆ. குறுவினா

1. மாரியோவின் உருவத்தில் தொப்பியும் மீசையும் இடம்பெற்றது ஏன்?
2. புள்ளிக்கோலம் அருவக்கலை எனப்படுவது எவ்வாறு?
3. கிக்ஸ்டார்ட்டர் தளத்தின் விதி யாது?

இ. சிறுவினா

1. 'வல்லவர் ஒருவர் மட்டும் முந்திச் செல்வதால் பயன் இல்லை' – செவ்வகங்களின் விளையாட்டைக் கொண்டு விளக்குக.
2. பதிவிறக்கும் வழக்கம் சிறு குழுவினர்க்கு எவ்வாறு உதவியது?
3. தோல்பாவைக் கூத்துக்கும் கணினி விளையாட்டுக்கும் உள்ள ஒற்றுமைகளை எழுதுக.

ஈ. நெடுவினா

புலம்பெயர்ந்தோர் தம் கலையையும் மொழியையும் காத்து, வந்த மண்ணுக்கும் பயன் தருவர் என்பதை மண்டிகர் வரலாறு, வெண்பா விளையாட்டு ஆகியவற்றைக் கொண்டு விவரிக்க.

மொழியை ஆள்வோம்

எடுத்துக்காட்டில் உள்ளவாறு இரு தொடர்களை ஒரு தொடராக இணைத்து எழுதுக.

எடுத்துக்காட்டு: ராஜி மதிலில் ஓடினாள். ராஜி தூணில் ஏறினாள். – ராஜி மதிலில் ஓடித் தூணில் ஏறினாள்.

1. கலைஞர் விளக்கை ஏற்றினார். கலைஞர் பாவையை ஆட்டினார்.
2. குழுவினர் உதவி தேடினர். குழுவினர் விளையாட்டை முடித்தனர்.
3. கவின் குறிப்பேட்டைத் திறந்தான். கவின் தமிழ் எழுத்தைப் பார்த்தான்.

சிந்தனை வினா

உங்கள் குடும்பத்தின் பயணத்தை ஒரு விளையாட்டாக அமைத்தால், தாண்ட வேண்டிய முதல் தடையாக எதனை வைப்பீர்கள்? அதனைத் தாண்ட உதவியவர் யார்? பத்து வரிகளில் எழுதுக.